அண்ணியும் மாப்பிள்ளையும்

என் அண்ணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "ரொம்ப அமைதியானவங்க." அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அமைதி வேறு, மரத்துப்போவது வேறு. காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் இருக்கிற இடமே தெரியாதே, அண்ணி சில வருடங்களாக உடம்பு முழுக்க அப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். கிள்ளினால்கூட வேறு யாரையோ கிள்ளியதுபோலத் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். அந்தக் கூடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. சுவரிலேயே பதித்து வைத்த ஆள் உயர மெஷின்கள். இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அழுக்குத் துணியைப் போட்டால், துவைத்து முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள். அழுக்குப் பக்கம் நிற்கிற ஆள் குளித்து உடை மாற்றாமல் சுத்தப் பக்கத்தில் கால் வைக்கக் கூடாது. அண்ணி அழுக்குப் பக்கத்தில் துணி பிரிப்பவள். படுக்கை விரிப்பு தனி, தலையணை உறை தனி, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி தனி, ரத்தம் பட்டது தனி. கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்துப் பார்த்து, அதனதன் தள்ளுவண்டியில் போடுவாள். போர்வைக்குள் கத்தரிக்கோல் வரும், கைக்கடிகாரம் வரும். ஒருமுறை யாருடைய பல்செட்டோ வந்ததாம். "அந்த ஆளு சிரிக்கிறதுக்கு முன்னாடி கொண்டு போய்க் குடுத்தீங்களா?" என்று நான் சிரித்தேன். "கொண்டு போனேன். படுக்கை காலியா இருந்துச்சு" என்றாள் அண்ணி. அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

வீட்டில் மூன்று பேர். அண்ணன் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பவன். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வீடு வீடாகப் போவான். நான் கல்யாணம் ஒத்துவராமல் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தவள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். நான் வந்து நின்ற அன்று அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன பண்றதா இருக்கே?" என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தான். அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தாள். அதனால் எனக்கு நாத்தனார் என்று பெயர்தானே ஒழிய, நாத்தனார் உத்தியோகம் எதையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார்கள். இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறை வீட்டுக்கு வந்த மறுவாரமே அண்ணி வேலைக்குக் கிளம்பினாள். "வீட்ல உக்காந்திருந்தா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றாள். அழவில்லை. அன்றைக்கு ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தால் மனுஷியாக இருந்திருப்பாள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அதற்கப்புறம் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினோம் என்று இருவரும் பேசிக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

நாய் வந்தது அந்த வருடம்தான். சலவைக்கூடத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற இடத்தில், சூடாக வந்து இறங்கிய துணி மூட்டைமேல் ஏறித் தூங்கியிருக்கிறது. அத்தனை மூட்டையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று என்று மேலதிகாரி குதித்திருக்கிறார். அண்ணி குட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் வைத்தது நான். தட்டு வைத்தால் உடனே வாய் வைக்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டாம் முறை உபசரித்தால்தான் பெரிய மனது பண்ணிச் சாப்பிடுவான். "என்னடா இது மாப்பிள்ளை முறுக்கு?" என்றேன் ஒருநாள். மாப்பிள்ளை என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணியின் முகத்தில் ஏதாவது அசைவு தெரிந்தது என்றால் அது இந்த மாப்பிள்ளை கதவருகே வந்து நிற்கும்போதுதான். அவள் செருப்பைக் கழற்றி முடிக்கும்வரை அவன் மூச்சுவிடாமல் காத்திருப்பான். அண்ணி குனிந்து அவன் நெற்றியில் தன் நெற்றியை வைப்பாள். அவ்வளவுதான், ஆனால் அந்த வீட்டில் அவள் யாருக்கும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நாய் டாக்டர் சொன்னார். குறுக்கே விழுந்து தடுத்தவன் அண்ணன். "பாவம், ஆம்பளை நாய். அதுக்கு ஏன் அந்தக் கொடுமை?" தனக்கே தேதி குறித்துவிட்ட மாதிரி துடித்தான். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று வருடங்கள் ஓடிப்போயின. ஒருமுறை தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் மாப்பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவில்லை. இதயத்தில் ஏதோ சத்தம் சரியில்லை என்றார். இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் மயக்க மருந்து என்றால் யோசிக்க வேண்டும்.

தெருவில் எந்தப் பெட்டை நாய்க்காவது பருவம் வந்தால் மாப்பிள்ளை இரண்டு நாள் உம்மென்று கிடப்பான், ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவான், அப்புறம் சரியாகிவிடுவான். இந்த முறை அப்படி இல்லை. தட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. எவ்வளவு உபசரித்தும் பலனில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக ஓயாமல் நடந்தான். சோபா காலில், அரிசி டின்னில், அண்ணனின் ஷூவில் எல்லாம் காலைத் தூக்கினான். வாயில் எச்சில் ஒழுகியது. பிறகு ஊளை ஆரம்பித்தது. சாதாரணக் குரைப்பு என்றால் அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும். இது எழவு வீட்டு ஊளை.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மூன்றாம் நாளே இறங்கி வந்துவிட்டார். நல்ல மனுஷிதான், ஆனால் தூக்கம் போனால் யாருக்குத்தான் நல்ல குணம் நிற்கும்? "ஏம்மா, என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே பிரஷர். இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. நாய் போகணும், இல்லன்னா நீங்க எல்லாரும் போகணும். எனக்கு வேற வழி தெரியல." அண்ணி தலையை ஆட்டினாள்.

ஆம்பளை நாய்க்குப் பரிந்து பேசிய என் அண்ணன் இப்போது கட்சி மாறினான். "நாளைக்கே கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணு. இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் குடோனுக்குக் காவல் நாய் கேக்கறாரு. சங்கிலி போட்டுக் கட்டி வெச்சுக்குவாரு. வர ஞாயித்துக்கிழமை வந்து ஏத்திட்டுப் போகச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டாள் அண்ணி. அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரை அதற்கப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையும் போய்விட்டால் இவள் என்ன ஆவாள்?

நாங்கள் இரண்டு பேரும் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்ததுமே டாக்டர் முறைத்தார். வாசனை தெரியாமல் இருக்கட்டும் என்று முந்தைய நாள் நான் அதில் தலைவலித் தைலம் தடவியிருந்தேன். மூக்கு வெந்துபோய்ச் சிவந்திருந்தது.

"யாரு பண்ண வேலை இது? உங்க மூக்குல மிளகாப்பொடி தடவினா உங்களுக்குப் பசி மறந்துருமா?"

நான் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நெஞ்சைச் சோதித்தார். "இதயம் அடிக்கிற வேகம் நல்லா இல்ல. இந்தப் பதற்றத்துல மயக்க மருந்து குடுக்க மாட்டேன். அப்புறமா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதோட ஒண்ணு, இன்னைக்கே ஆபரேஷன் பண்ணாலும் இன்னைக்கே அடங்காது. உடம்புல இருக்கிறது வடிய வாரக்கணக்கா ஆகும்."

"அப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள் அண்ணி.

"எங்கேயோ ஒரு பொட்டை நாய் ஹீட்ல இருக்கு. சுமாரா மூணு வாரம் இருக்கும், அதுக்கப்புறம் அடங்கிடும். அது வரைக்கும் அந்த வாசனை இவன்கிட்ட வராம பாத்துக்கங்க. ஜன்னலைச் சாத்துங்க. தெரு நாய்ங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்க, கயித்தை மட்டும் விட்டுராதீங்க. நல்லா நடக்க விடுங்க, களைச்சுப் போகட்டும். அடிக்காதீங்க, திட்டாதீங்க. அவன் வேணும்னு பண்ணல. இப்படியே சாப்பிடாம ஓடிக்கிட்டே இருந்தான்னா அந்த இதயம் தாங்காது, அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க."

வாசனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், அண்ணி வீட்டைச் சலவைக்கூடமாக மாற்றிவிட்டாள். வாசலுக்கு வெளியே அழுக்குப் பக்கம், உள்ளே சுத்தப் பக்கம். கதவுக்கு வெளியே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம் வந்தது. நாயை நடத்திவிட்டு வந்தால் செருப்பு வெளியே, மேல்துணி டிரம்முக்குள், நேராகக் குளியலறை. நாயின் நான்கு காலும் வயிறும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டன. ஜன்னல்கள் சாத்தி, கதவின் அடி இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாள். காலையில் அவளும் மாலையில் நானும் அவனை நடத்தினோம். கழுத்துப் பட்டைக்கு ஒரு கயிறு, நெஞ்சுப் பட்டைக்கு ஒரு கயிறு, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் போனோம், மேளம் மட்டும்தான் இல்லை. சிரிக்க வைக்கத்தான் இதை அண்ணியிடம் சொன்னேன். "நாளைக்குப் பெரிய தெரு வழியாப் போ, அங்க நாய் கம்மி" என்று பதில் வந்தது.

தெருவில் வீடு வீடாகவும் விசாரித்தாள். வழக்கமாக அண்ணி யார் வீட்டுப் படியையும் மிதிக்காதவள். மளிகைக் கடைக்காரர் வளர்க்கிற பெட்டைக்கு ஆபரேஷன் முடிந்து வருடமாகிறது. மூலை வீட்டு வெள்ளை நாய்க்கும் அப்படியே. சுற்றித் திரிகிற இரண்டு பெட்டைகளுக்கும் காது நுனி வெட்டியிருந்தது, ஆபரேஷன் முடிந்ததற்கு அதுதான் அடையாளம். தெரு ஆண் நாய்களோ எதற்கும் போட்டி போடாமல் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

"இந்தப் பக்கத்துல ஹீட்ல எந்த நாயும் இல்ல. இருந்தா இதுங்க இப்படித் தூங்காது" என்றாள் அண்ணி. யோசித்தாள். "பகல்ல நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்ப சத்தம் இருக்கான்னு மேல கேட்டேன். அவ்வளவா இல்லையாம். சாயங்காலம் அவர் வந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதாம்."

அன்று அண்ணன் வந்ததும் அவனிடமே கேட்டாள். அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஆமா, ஒரு கஸ்டமர் வீட்ல நாய் இருக்கு. காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றது, வேலைக்குப் போகாம இருக்கிறதா?" என்று சீறினான். கேள்வி ஒரு முழம், பதில் ஒன்பது முழம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதிதான் பட்டேன். அண்ணி அவனுக்கும் டிரம்மைக் காட்டினாள். முனகிக்கொண்டே சட்டை பேன்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு குளியலறைக்குப் போனான்.

நாய் அடங்கவில்லை. அண்ணன் குளித்துவிட்டு வந்த பிறகும் குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று பிறாண்டினான். ஊளை விட்டான். தண்ணீர் மட்டும் குடித்தான், விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்தால் நெஞ்சு துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா மேலிருந்து தரையைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி வரும் என்று அண்ணன் போனில் பேசி முடித்தான். "குடோன்ல நல்லா கவனிச்சுக்குவாங்க" என்று என்னிடம் சொன்னான். அவன் குரலில் ஏதோ அவசரம் இருந்தது.

சனிக்கிழமை காலை. அண்ணன் வெளியூர் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தான். எனக்கும் அண்ணிக்கும் விடுமுறை. பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். முந்தைய நாள் அண்ணன் போட்டிருந்த துணிகளை அண்ணி தரையில் வரிசையாக, ஒன்றுக்கொன்று படாமல் பரப்பி வைத்திருந்தாள். பேன்ட், சட்டை, சாக்ஸ், கைக்குட்டை, கடைசியில் பனியன். கையில் மருத்துவமனைக் கையுறை. மாப்பிள்ளையைக் கயிற்றோடு கொண்டு வந்து அந்த வரிசை ஓரமாக மெதுவாக நடத்தினாள்.

பேன்ட்டின் கால் பக்கத்தை முகர்ந்தான், நகர்ந்தான். சட்டையையும் முகர்ந்துவிட்டு நகர்ந்தான். சாக்ஸில் கொஞ்சம் நின்றான். பனியனுக்கு வந்ததும் அவன் உடம்பு முறுக்கிக்கொண்டது. நாக்கால் நக்கினான், பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, முன்காலால் அதை அணைத்துக்கொண்டு மேலே படுத்துவிட்டான். அண்ணி இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"பாத்தியா?" என்றாள் என்னிடம். "பேன்ட்ல வந்தா அது வேலை பாக்கப் போன வீடு. சட்டையில வந்தாக்கூட சரின்னு சொல்லலாம். சட்டைக்கு உள்ள போட்டிருக்கிற பனியன்ல எப்படி வரும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது சூடேறியது. பனியனைக் கழற்றி எறிந்தால்தானே அந்த வீட்டு நாய் அதன்மேல் படுக்க முடியும்? எந்தக் கஸ்டமர் வீட்டில் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷினைப் பழுது பார்ப்பார்கள்?

"அண்ணி, அவன் வரட்டும், இன்னைக்கு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாருங்க."

"எதுக்கு?" என்றாள். நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல இருந்தது. மாப்பிள்ளையின் அடியிலிருந்து பனியனை உருவி வாளியில் போட்டாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள், சோப்புத் தூளை அளந்து போட்டாள், குச்சியால் அமுக்கினாள். மேலே மிதந்த காற்றுக் குமிழியை அமுக்கி அமுக்கி உடைத்தாள். மற்ற துணிகளை எடுத்துப் பிரித்து வைத்தாள், வெள்ளை தனி, கலர் தனி.

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு என் அண்ணன்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் பெரிது. கத்து, ஒரு தட்டையாவது தூக்கி எறி, நான் பொறுக்கிக்கொள்கிறேன். கிணற்றில் கல்லைப் போட்டால்கூட ஒரு சத்தம் கேட்கும், இங்கே அதுவும் இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தான். டிரம்மில் துணியைப் போட்டுவிட்டுக் குளித்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். மாப்பிள்ளை குளியலறை வாசலில் நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு இந்நேரம் வீடு அமைதியாயிடும்" என்று அண்ணன் தட்டை இழுத்துக்கொண்டான். அண்ணி பரிமாறினாள். எல்லாம் வைத்து முடித்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த நாய்க்கு எத்தனை நாள் ஆச்சுங்க?"

"எந்த நாய்?"

"நீங்க போற வீட்டு நாய். ரத்தம் பட ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் குரலில் சண்டையின் வாசனைகூட இல்லை. நாயைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த நிம்மதியில் மளமளவென்று வாயை விட்டான். "ஒரு பத்து நாள் இருக்கும். ரத்தம் இப்பல்லாம் குறைஞ்சிருச்சு. கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்குது, போர்வையெல்லாம் கறை..."

அதோடு நிறுத்தினான். வாயில் வைத்த கவளம் கன்னத்தில் அப்படியே இருந்தது. எனக்குச் சுவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அவனைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"ரத்தம் குறைஞ்சா அப்பதான் வாசனை ஜாஸ்தி" என்றாள் அண்ணி. "இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் இருக்கு. நீங்க தினம் அங்க போயிட்டு இங்க வந்தீங்கன்னா இவன் செத்துருவான். டாக்டர் சொன்னாரு. அதனால அது முடியற வரைக்கும் அங்கயே இருங்க."

"நீ என்ன சொல்றேன்னு..."

"துணி எல்லாம் பெட்டியில வெச்சுட்டேன். வாசல்ல இருக்கு. குடோன்காரருக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

அண்ணன் கெஞ்சியிருக்கலாம், கத்தியிருக்கலாம். அவளிடம் எதைப் பிடித்துக்கொண்டு கத்துவது? ஒரு குற்றச்சாட்டும் அவள் வைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லேன்" என்றான். "அண்ணா, உன் பெட்டிய நான் தூக்கிட்டு வந்து வைக்கட்டுமா?" என்றேன். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அண்ணி அவன் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள், அந்தத் துணியைக் கொண்டு போய் வெளியே டிரம்மில் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அவன் உன் கூடப்பொறந்தவன். நீ அவன்கூடப் போகணும்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், யாரோ சொல்லிக்கொடுத்ததைச் செய்வதுபோல.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை சாப்பிட்டான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பழைய முறுக்கு. அண்ணி தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, "சாப்பிடு ராஜா" என்று சொன்னாள். ஒரு முட்டை, கொஞ்சம் கோழி, அவ்வளவையும் நக்கித் துடைத்தான். அன்று ஊளை இல்லை. அடுத்த நாளும் இல்லை. வீட்டுக்காரம்மா படியில் அண்ணியைப் பார்த்து, "என்னம்மா மருந்து குடுத்தே? எனக்கும் சொல்லு, தங்கச்சி வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் உயிரை வாங்குது" என்றார். "மருந்து ஒண்ணும் இல்லம்மா. வாசனை வர வழியை அடைச்சேன்" என்றாள் அண்ணி. அவர், "நாய் தாராளமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை தப்பித்தான். சந்தோஷத்தில் அவனைத் தூக்கிச் சுற்றினேன், அவன் எடைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். வேறு மருந்து கொடுத்து, பெரிய மருத்துவமனையில் வைத்து ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை, மழைக்காலம் முடியட்டும் என்றார். அண்ணி சரி என்றாள்.

அண்ணன் இடையில் என்னை ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு வந்து பார்த்தான். கவுன்டர் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, "உங்க அண்ணி என்ன சொல்றா?" என்று கேட்டான். சட்டை கசங்கியிருந்தது. "ஒண்ணும் சொல்லல" என்றேன். அது உண்மைதான். பின்னால் நின்றவர் சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார், அண்ணன் ஒதுங்கிப் போய்விட்டான்.

கணக்குப்படி நாட்கள் முடிந்ததும் ஒரு மாலையில் அவனிடமிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். இரு என்று கையைக் காட்டினாள்.

"முடிஞ்சிருச்சு" என்றான் அண்ணன். "டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. அதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. நான் எல்லாத் துணியும் துவைச்சுட்டேன், ரெண்டு தடவை. பெட்டியைக்கூடத் துடைச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். அவனும் பாவம், அவளுடைய பாஷையிலேயே பேசப் பார்க்கிறான். "நான் வரட்டுமா?"

அண்ணி கையிலிருந்த தலையணை உறையின் மூலைகளைச் சேர்த்து மடித்தாள். பதிலை அவள் தேடவில்லை, மடித்து முடிக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பொட்டை நாய்க்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருங்க" என்றாள். "அடுத்த தடவை வரப்ப மறுபடியும் நான் பெட்டி கட்டணும், மறுபடியும் எல்லாத்தையும் துடைக்கணும். எனக்குத் தெம்பு இல்ல. நீங்க அங்கயே இருந்துக்கங்க."

 அவன், "அதுக்கில்ல, நான் இனிமே..." என்று ஆரம்பித்தான். அண்ணி "வெச்சிடறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். இத்தனை வருடக் குடித்தனம், துணி மடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த உறையை எடுத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணி, உங்களுக்குக் கோவமே வராதா? அழுகைகூட வராதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ பயம்போல ஒன்றைக் கண்டேன்.

"வரும்னுதான் நானும் தினமும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "இன்னும் வரல."